தேறப்பெறாத வடிவம்

ஜனவரி 4

இன்சூரன்ஸ் ஏஜென்ட் வருஷா வருஷம் ஒரு டைரி கொடுத்துவிட்டுப் போவார். இவர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் பரணில் போடுவார். இந்த வருஷம் நான் எடுத்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருஷமாகப் பாடக்குறிப்பு எழுதித் தேய்ந்த கை. பாடக்குறிப்பில் எழுத முடியாதது கொஞ்சம் இருக்கிறதே, அதை இதில் எழுதலாம்.

பதினொன்றாம் வகுப்பு 'அ' பிரிவு. தமிழ் வழி. ஐம்பத்துமூன்று பெண் பிள்ளைகள். வகுப்பாசிரியை நான், கணக்கும் நான்தான். மார்ச்சில் அரசுத் தேர்வு, இன்னும் 'எல்லைகள்' பாடத்தில் கை வைக்கவில்லை. ஹெச்.எம். ரெஜினா மேடம் இன்று ஸ்டாஃப் மீட்டிங்கில், "ஆறு வருஷமா நூறு சதவீதம் குடுத்திருக்கோம். ஏழாவது வருஷம் கரியப் பூசிராதீக" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். தமிழிலும் தாவரவியலிலும் கரியே கிடையாது போலிருக்கிறது.

கேஸ் புக் பண்ண வேண்டும்.

ஜனவரி 5

எல்லைகள் ஆரம்பித்துவிட்டேன். முதல் நாள் நன்றாகப் போனது என்று என்னை நானே மெச்சிக்கொள்ளலாம்.

x²−9 மேலே, x−3 கீழே. x−க்கு 3 போட முடியாது, போட்டால் கீழே பூஜ்யம் வந்துவிடும். சரி, 3−க்குப் பக்கத்தில் போகலாமா? 2.9, 2.99, 2.999 என்று போர்டில் பட்டியல் போட்டேன். விடை 5.9, 5.99, 5.999 என்று வந்தது. அந்தப் பக்கமிருந்து 3.1, 3.01. "எங்கட்டி போகுது?" என்றேன். "ஆறு" என்று பாதி வகுப்பு சொன்னது. மீதி வகுப்புக்குப் பஸ் உதாரணம் சொன்னேன். நம் ஊர் டவுன் பஸ் சர்ச் ஸ்டாப்பில் என்றைக்காவது நின்றிருக்கிறதா? கிடையாது. ஆனால் அது சர்ச் ஸ்டாப்பை நோக்கித்தான் வருகிறது என்று இந்தப் பக்கம் நிற்கிறவனுக்கும் தெரியும், அந்தப் பக்கம் நிற்கிறவனுக்கும் தெரியும். நிற்கிறதா என்பது வேறு, எங்கே வருகிறது என்பது வேறு. எல்லை என்பது இரண்டாவது.

சிரித்தார்கள். சிரித்தால் மண்டையில் ஏறும். இது என் இருபத்திரண்டு வருஷ அனுபவம்.

ஜனவரி 8

இன்று வகுப்பு ஒரே கலகலப்பு.

3−ஐ நேரடியாகப் போட்டால் மேலேயும் பூஜ்யம், கீழேயும் பூஜ்யம். இதற்குப் புத்தகத்தில் 'தேறப்பெறாத வடிவம்' என்று பெயர். இந்த வடிவம் வந்தால் நின்றுவிடக் கூடாது, காரணிப்படுத்தி, அடித்து, பிறகு எல்லை காண வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசிக்கு முந்தின பெஞ்சில் வடிவு கையைத் தூக்கினாள். ரிஜிஸ்டரில் சுடலைவடிவு. பீடிக்காரத் தெருப் பிள்ளை. பத்தாவதில் கணக்கில் முப்பத்தெட்டு. கணக்குப் பிரிவில் எப்படி நுழைந்தாள் என்று எனக்கே தெரியாது. வாயைத் திறக்கிற பிள்ளையே இல்லை.

"டீச்சர், தேறப்பெறாதுன்னா தேறாதுன்னுதான அர்த்தம்? தேறாதுன்னு நாமளே எழுதிட்டு, பொறவு மேல எதுக்குப் போடணும்?"

பாடம் முடிக்கிற அவசரத்தில் இது ஒரு கேள்வி. நான், "கணக்கு தேறிரும்ட்டி. நீதான் தேற மாட்ட. நீதான் நம்ம தேறப்பெறாத வடிவு" என்றேன்.

வகுப்பே ஆடிப்போய்விட்டது. சுலைகா பானு டெஸ்கில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தாள். வடிவும் சிரித்தாள். பிறகு உட்கார்ந்தாள். இனி இந்தச் சொல்லை ஐம்பத்துமூன்று பேரில் ஒருத்தியும் மறக்க மாட்டாள். கணக்கு டீச்சருக்குத் தமாஷ் வராது என்று யார் சொன்னது.

மாலை இவரிடம் சொன்னேன். இவர் தபால் பைகளோடு பேசிப் பழகியவர், சிரிப்பு கொஞ்சம் லேட்டாகத்தான் வரும். இன்றைக்கு வரவே இல்லை.

ஜனவரி 9

மூலக்குறி வந்தால் இணையால் பெருக்க வேண்டும் என்பதை நடத்தினேன். ஒருவரும் சந்தேகம் கேட்கவில்லை. தையல்காரர் பிளவுஸைத் தரவில்லை.

ஜனவரி 11

சிறு தேர்வு. பத்துக் கணக்கு. ஏழாவது கணக்கு கொஞ்சம் முரடு, வேண்டுமென்றே போட்டது. சாயங்காலமே திருத்திவிட்டேன்.

வடிவு பத்துக்கு ஒன்று. ஒவ்வொரு கணக்கிலும் எண்ணைப் போட்டிருக்கிறாள், 0/0 என்று எழுதியிருக்கிறாள், அதற்குக் கீழே 'தேறப்பெறாத வடிவம்', அதற்குக் கீழே ஸ்கேல் வைத்து ஒரு கோடு. முடிந்தது. இப்படி ஒன்பது கணக்கு. எனக்கு வந்த எரிச்சலில் தாளின் தலையில் 'பாதியில் நிற்காதே' என்று சிவப்பு மையில் எழுதினேன். இரண்டாம் பக்கத்தில் என்னவோ கிறுக்கி அடித்து வைத்திருந்தாள். அதைப் பார்க்கக்கூட இல்லை.

சோம்பேறித்தனத்துக்கு மருந்து கிடையாது.

ஜனவரி 14

பொங்கல் வாழ்த்துச் சொல்லி ஐந்தாறு பழைய மாணவிகள் போன். கரும்பு கடிக்கப் பல் ஒத்துழைக்கவில்லை.

ஜனவரி 18

பள்ளி திறந்தது. நான்கு பேர் வரவில்லை. மூன்று பேருக்கு லீவ் லெட்டர் வந்திருக்கிறது. நான்காவது வடிவு.

ஜனவரி 19

இன்றும் வரவில்லை. சுலைகாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள்தான் அவளுக்குப் பக்கத்தில் உட்காருகிறவள். தரையைப் பார்த்தபடியே நின்றாள்.

"வாயத் தொறந்து சொல்லுட்டி."

"இனிம வர மாட்டேன்னுட்டா டீச்சர்."

"ஏனாம்?"

"எல்லாரும் அவள அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடுதாவ டீச்சர். பி செக்‌ஷன்லயும் கூப்பிடுதாவ. சைக்கிள் ஸ்டாண்டு செவுத்துல எழுதிப் போட்டிருக்கு. தண்ணி புடிக்கப் போனா டியூஷன் பையமாருகூட கத்துதானுவளாம்."

போய்ப் பார்த்தேன். சாக்பீஸால் பெரிதாக எழுதி, பக்கத்தில் 0/0 போட்டிருந்தது. அந்தப் பூஜ்யங்களுக்குக் கண், மூக்கு, ரெட்டைச் சடை. எழுதியது யார் என்று விசாரித்து, மூன்று பேரைப் பிடித்து, மதியம் முழுக்க ஹெச்.எம். அறை வாசலில் முட்டி போட வைத்தேன். ஒரு பெண்ணைக் கேலி செய்வது எவ்வளவு கேவலம் என்று வகுப்பில் பத்து நிமிஷம் பேசினேன். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் இமைக்கவில்லை. எதற்காக அப்படிப் பார்க்க வேண்டும் என்று தெரியவில்லை.

தலைவலி. காபி போட்டுக் குடித்தும் போகவில்லை.

ஜனவரி 23

ரெஜினா மேடம் கூப்பிட்டார். அரசுத் தேர்வு எழுதுகிறவர்களின் பெயர்ப் பட்டியல் முப்பதாம் தேதி போக வேண்டும். அதற்குப் பிறகு பெயரைச் சேர்க்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது.

"உங்க வகுப்புல தேறாத கேஸ் எத்தன டீச்சர்?"

"ஒண்ணு சந்தேகம் மேடம். சுடலைவடிவு. ஆனா அவ இப்ப வாறதே இல்ல."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. "அதுவா நின்னா நின்னுட்டுப் போகுது. நாம போகச் சொன்னதா மட்டும் இருக்கக் கூடாது. ஒருதரம் வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வந்துருங்க, பின்னால யாராவது கேட்டா சொல்லணும்லா."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. போய்ப் பார்ப்பது நம் கடமைதானே.

ஜனவரி 25

வடிவு வீட்டுக்குப் போனேன். பள்ளி விட்டதும் நேராகப் போனதால் தோள் பை, குடை எல்லாம் கையில். தெருவே பீடி இலை வாசம். அவள் அம்மா ஆவுடையம்மாள் மடியில் பீடி இலை பரப்பிய சுளகோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சுளகை இறக்கி வைத்துவிட்டு எழுந்தாள். அப்பா இல்லை, இறந்து நான்கு வருஷமாகிறது. எனக்குக் குடிக்கக் கலர் சோடா வாங்க யாரையோ அனுப்பினாள், வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

"பள்ளிக்கூடத்துக்குப் போட்டின்னா வயித்த வலிங்கா டீச்சர். அடிச்சும் பாத்துட்டேன். வாயே தொறக்க மாட்டேங்கா."

ஆவுடையம்மாளின் தம்பி ஒருவர் பல்லடம் பக்கம் நூல் மில்லில் இருக்கிறாராம். அங்கே ஆள் எடுக்கிறார்களாம். அடுத்த வாரம் வேன் வருகிறதாம். தெருவில் நான்கு பெண் பிள்ளைகள் போகிறார்களாம். ஆவுடையம்மாளுக்கு அனுப்ப மனசில்லை. 'பிளஸ் டூ முடிச்சிட்டான்னா சர்வேயர் படிப்பு இருக்காம், கணக்குப் பிரிவு எடுத்தவளுக்குத்தான் குடுப்பாவளாம். அது படிக்கணும்னுதான் ஒத்தக் கால்ல நின்னு இந்தப் பிரிவுல சேந்தா' என்று சொன்னாள். எனக்கு இது தெரியாது.

வடிவு வெளியே வரவில்லை.

ஆவுடையம்மாள் ஒன்று கேட்டாள். பதில் சொன்னேன். கலரைக் குடித்துவிட்டு, வரும் வழியில் பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜனவரி 26

கொடியேற்றம். மிட்டாய் பத்தவில்லை என்று ஆறாம் வகுப்பில் சண்டை. மதியம் தூங்கப் பார்த்தேன், வரவில்லை.

ஜனவரி 30

காலையில் சுலைகா வந்து, "வேன் போயிட்டு டீச்சர். அவளும் போயிட்டா" என்றாள்.

பட்டியலில் கையெழுத்துப் போட்டேன். ஐம்பத்திரண்டு பெயர். சுடலைவடிவுக்கு எதிரே 'தொடர் வருகையின்மை, பெற்றோர் விருப்பத்தின் பேரில் நின்றவர்' என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன். வீட்டுக்குப் போய்ப் பார்த்த தேதியும் எழுதினேன். எல்லாம் முறைப்படிதான்.

பிப்ரவரி 2

கேஸ் வந்தது.

பிப்ரவரி 6

திருப்புதல் தேர்வுத் தாள்களைத் திருத்தினேன். எல்லைகளில் பதினாறு பேர் 0/0−வோடு நின்றிருக்கிறார்கள். எல்லாரும் 'தேறப்பெறாத வடிவம்' என்று அழகாக எழுதி முடித்திருக்கிறார்கள். முதல் ரோவில் உட்காருகிறவர்களும் அதில் உண்டு.

வகுப்பில், "ஏன் மேல போடல?" என்று கேட்டேன். யாரும் வாயைத் திறக்கவில்லை. சந்தேகம் கேட்பதை இந்த வகுப்பு நிறுத்தி ஒரு மாதம் ஆகிறது. இன்றுதான் அது எனக்கு உறைத்தது. கடைசியில் சுலைகா எழுந்து, "தேறாதுன்னு புக்குலயே போட்டிருக்கு டீச்சர்" என்றாள். உட்காரும்போது என் முகத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள், அடுத்த பேர் தனக்கு வந்துவிடுமோ என்கிற பார்வை.

நான் சாக்பீஸை வைத்துவிட்டு நின்றேன். தேறாது என்றால் நமக்கு என்ன அர்த்தம்? ஆஸ்பத்திரியில் டாக்டர் 'தேறாது' என்றால் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். பரீட்சையில் தேறாது என்றால் அவ்வளவுதான். அந்தச் சொல்லுக்குப் பிறகு ஊரில் யாரும் ஒன்றும் செய்வதில்லை. புத்தகம் எழுதியவர் 'இப்போதைக்குத் தீர்மானிக்க முடியாது' என்ற பொருளில் போட்டிருக்கிறார். அது ஒரு முடிவே இல்லை. இன்னும் பார்க்கவில்லை என்பதுதான் அது. இருபத்திரண்டு வருஷமாக நான் இந்தச் சொல்லைச் சொல்லி வருகிறேன், பிள்ளைகளின் காதில் அது எப்படி விழுகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

போர்டில் அதை அழித்துவிட்டு 'இன்னும் தெரியவில்லை' என்று எழுதினேன். "இனிமே 0/0 வந்தா மனசுக்குள்ள இப்படிச் சொல்லிக்கோங்க. பரீட்சைல மட்டும் புக்குல உள்ள பேர எழுதுங்க" என்றேன். பத்தே நிமிஷம். பதினாறு பேரும் மேலே போட்டார்கள். சரியாகப் போட்டார்கள்.

ஒருத்தி ஒரு மாதத்துக்கு முன்னாலேயே கை தூக்கி இதைத்தான் கேட்டாள்.

பிப்ரவரி 7

ஜனவரித் தாள்களைத் தேடி எடுத்தேன். வடிவின் தாளில் இரண்டாம் பக்கம் கிறுக்கி அடித்திருந்ததே, அது ஏழாவது கணக்கு. மேலே √(x+4) − 2, கீழே x. இணையால் பெருக்கியிருக்கிறாள். மூலக்குறியை நீக்கியிருக்கிறாள். x−ஐ அடித்திருக்கிறாள். 1/4 என்று விடை. பிறகு மூலையிலிருந்து மூலைக்கு ஒரு கோடு போட்டு மொத்தத்தையும் அடித்துவிட்டு, கீழே 'தேறப்பெறாத வடிவம்' என்று எழுதியிருக்கிறாள்.

அடித்த கோட்டுக்குள் ஒவ்வொரு படியும் சரி. அந்தக் கணக்கை வகுப்பில் பதினொரு பேர்தான் சரியாகப் போட்டிருந்தார்கள். அவளோடு பன்னிரண்டு.

அன்று சிறு தேர்வு எழுதும்போது எதை நம்பி அதை அடித்தாள்? புத்தகத்தையா, என்னையா? என்னிடம் கேட்டாள், நான் பதில் சொல்லவில்லை. பதிலுக்குப் பேர் வைத்தேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். ஜனவரி 25−இல் எழுதாமல் விட்டது. பால் பாக்கெட் வாங்கியதை எழுதிய கை இதை எழுதவில்லை.

ஆவுடையம்மாள் கேட்டது இது: "டீச்சர், உண்மையச் சொல்லுங்க. எம்பிள்ள தேறுமா? தேறும்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, வேன்காரர வேண்டாம்னு சொல்லிருதேன். கையக் கால ஒடிச்சாவது அனுப்பி வைக்கேன்."

எனக்கு அந்த நேரத்தில் ரெஜினா மேடம் கண்ணாடி துடைத்ததுதான் நினைவில் இருந்தது. ஐம்பத்திரண்டு பேர் என்றால் நிம்மதி, ஐம்பத்துமூன்று என்றால் ரிசல்ட் வருகிற வரைக்கும் கவலை. நான் சொன்னேன்: "கஷ்டம்தாம்மா. அவ தேறாது."

உள்ளே கதவோரம் பாவாடை தெரிந்தது. அவள் அங்கேதான் நின்றாள். எனக்குத் தெரிந்துதான் சொன்னேன்.

பிப்ரவரி 8

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து, "அந்தப் பிள்ளைட்ட தப்புன்னு சொன்னியா?" என்று கேட்டார்.

"டீச்சரு போயி பிள்ளைட்ட மன்னிப்புக் கேக்கணுமா?"

"நான் கேட்டது சொன்னியான்னு."

அழுகை வந்தது. இவர் டி.வி.யை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

பிப்ரவரி 9

காலையில் ஹெச்.எம். அறை. பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்க வேண்டும் என்றேன்.

"அது போயிட்டு டீச்சர். ஆன்லைன்ல ஏத்தியாச்சு."

"மேலதிகாரிக்கு ஒரு லெட்டர் எழுதினா சேப்பாவ மேடம். பிசகு நம்ம பக்கம்னு எழுதுவோம்."

"பிசகா?" மேடம் ஃபைலை என் பக்கம் திருப்பினார். "கையெழுத்து யாரோடது? தொடர் வருகையின்மைன்னு எழுதினது யாரு? வீட்டுக்குப் போயிப் பாத்தேன்னு தேதி போட்டது யாரு? இப்ப வந்து பிசகுன்னா மொதல்ல உங்க மேலதான் வரும். சும்மா கெடங்க டீச்சர். ரெண்டு வருஷங்கழிச்சு அது தனித்தேர்வரா எழுதிக்கிடும்."

மேடம் கெட்டவர் இல்லை. போன வருஷம் எனக்கு ஆபரேஷன் ஆனபோது ஒரு வாரம் சாப்பாடு கொடுத்தனுப்பியவர். அதனால்தான் என்னால் சண்டை போடவும் முடியவில்லை.

பிப்ரவரி 10

மறுபடி பீடிக்காரத் தெரு. ஆவுடையம்மாள் எழுந்து நின்றாள். முன்பு போலவே கலர் வாங்கி வரச் சொன்னாள். பிள்ளையைத் திருப்பி அழைத்து வாருங்கள், இந்த வருஷம் போனாலும் அடுத்த வருஷம் பதினொன்றில் நானே மறுபடி உட்கார வைக்கிறேன், நானே சொல்லிக் கொடுக்கிறேன், அவள் கண்டிப்பாகத் தேறிவிடுவாள் என்றேன். ஒரே மூச்சில் சொன்னேன்.

அவள் கலரை என் கையில் கொடுத்தாள். "நீங்கதான டீச்சர் தேறாதுன்னு சொன்னீக."

கோபமாகக் கேட்கவில்லை. எந்தப் பேச்சை எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் கேட்டாள். படித்தவர்கள் இரண்டு விதமாகப் பேசினால் அவள் என்ன செய்வாள்.

"மொதல்ல சொன்னது தப்பும்மா."

"மூணு வருஷம்னு எழுதி வாங்கிருக்காவ டீச்சர். பாதியில கூட்டியாரக் கூடாதாம். தம்பிதான் பொறுப்புக் கையெழுத்துப் போட்டிருக்கான். இப்பப் போயி எப்படிக் கூப்பிட?" சுளகை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "அவளுக்கும் அங்க சந்தோசமாத்தான் இருக்காம். போன்ல சிரிச்சுத்தான் பேசுதா."

ஹாஸ்டல் நம்பரை வாங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 11

போன் செய்யவில்லை.

பிப்ரவரி 20

மருதாணி வைத்துக்கொண்டு செய்முறைத் தேர்வுக்கு வந்ததற்காக ஒருத்தியைத் திட்டப் போனேன். வாயில் ஒரு பேர் தயாராக வந்து நின்றது. விழுங்கிவிட்டேன். இப்படி ஒரு நாளைக்கு எத்தனை பட்டப்பேர் என் வாயில் வருகிறது என்று எண்ணிப் பார்த்தேன், மதியத்துக்குள் ஒன்பது. இத்தனை வருஷத்தில் எத்தனை பிள்ளைகள் அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். அந்தக் கணக்கைப் போட முடியவில்லை.

மார்ச் 19

கணக்குப் பரீட்சை. எல்லைகளில் ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்று, மூலக்குறி வருகிற கணக்கு. வெளியே வந்த பிள்ளைகள் எல்லாரும் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். சுலைகா என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். நானும் சிரித்தேன். சந்தோஷமாக இருப்பதற்கு எல்லாக் காரணமும் இருந்தது.

மார்ச் 20

இன்றும் போன் செய்யவில்லை. என்ன சொல்வது என்று தாளில் எழுதிப் பார்த்தேன். பாடக்குறிப்பு மாதிரியே வருகிறது.

மே 14

ரிசல்ட். ஐம்பத்திரண்டுக்கு ஐம்பத்திரண்டு. கணக்கில் இரண்டு பேர் நூற்றுக்கு நூறு. ரெஜினா மேடம் கேக் வெட்டினார். முதல் துண்டை எனக்கு ஊட்டினார். பள்ளிச் செயலாளர் சால்வை போர்த்தினார். வாசலில் பேனர் கட்டிவிட்டார்கள், ஏழாவது ஆண்டாக என்று.

வீட்டுக்கு வந்து சால்வையை நாற்காலியில் போட்டுவிட்டு, உட்காராமலே அந்த நம்பருக்குப் போன் செய்தேன். உட்கார்ந்தால் செய்ய மாட்டேன் என்று தெரியும். மணி ஐந்து இருக்கும். ஹாஸ்டல் வார்டன் எடுத்தார்.

"வடிவுன்னு யாருமில்லீங்களே."

"சுடலைவடிவு. திருநெல்வேலிப் பக்கம். ஜனவரி கடைசில வந்த பிள்ள. நான் அவளோட டீச்சர் பேசுதேன்."

"அட, அந்தப் புள்ளைங்களா. கனிங்க அது. ஆதார்ல அந்தப் பேருதானுங்க இருந்துச்சு. வந்த அன்னிக்கே சொல்லிருச்சு, அந்தப் பேரு வேண்டாங்க, கனின்னு கூப்பிடுங்கன்னு. மொதல்ல ரெண்டு நாள் நாங்க பழைய பேரச் சொல்லிக் கூப்பிட்டுப் பாத்தமுங்க. திரும்பவே மாட்டேங்குது. இருங்க, வரச் சொல்றேன்."

காத்திருந்தேன். பின்னால் மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவளை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. வடிவு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. கனி என்று சொல்ல அதைவிட இல்லை.

"டீச்சர், நல்லா இருக்கீகளா?"

குரலில் ஒரு மாற்றமும் இல்லை. பேர் சொல்லாமலே பேசினேன். "நல்லா இருக்கேன்ட்டி. நீ நல்லா இருக்கியா? சாப்பாடெல்லாம்?"

"நல்லாருக்கு டீச்சர்."

எழுதி வைத்த தாளை எடுக்கவில்லை. "நீ அன்னைக்குக் கேட்டது சரியான கேள்விட்டி. அந்தச் சொல்லுதான் சரியில்ல. தேறாதுன்னு அதுக்கு அர்த்தமே இல்ல. இன்னும் தெரியலன்னுதான் அர்த்தம். ஏழாவது கணக்க நீ சரியாத்தான் போட்டிருந்த. நான்தான் பாக்கல. உன்ன நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஒங்கம்மாட்டயும் சொல்லியிருக்கக் கூடாது. தப்பு என் மேலதான்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சர்" என்றாள். பெரியவர்கள் மன்னிப்புக் கேட்டால் பிள்ளைகள் கூச்சப்படுகிற மாதிரி கூச்சப்பட்டாள். பேச்சை மாற்றினாள். "இன்னைக்கு ரிசல்ட்டுல்லா டீச்சர்? சுலைகா பாஸா?"

"பாஸ்."

"எல்லாரும் பாஸா?"

"எல்லாரும் பாஸ்ட்டி."

"அப்ப நூறு சதவீதமா?"

"ஆமா."

என்னவோ முணுமுணுக்கிறது கேட்டது. மனசுக்குள் எதையோ போட்டுப் பார்க்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. வகுப்பில் பார்த்துப் பழகியவளுக்கு அது போனிலும் தெரியும்.

"நல்லவேள டீச்சர், நான் வந்துட்டேன். நான் இருந்திருந்தா தொண்ணூத்தெட்டு புள்ளி ஒண்ணு ஒண்ணுல நின்னுருக்கும்."

குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே எனக்காகச் சந்தோஷப்பட்டுச் சொன்னாள். ஷிப்ட் மணி அடித்தது, வைத்துவிட்டாள்.

இந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஐம்பத்திரண்டை ஐம்பத்துமூன்றால் வகுத்துப் பார்த்தேன். சரியாகத்தான் போட்டிருக்கிறாள்.